தண்ணீர் ஒழுகிய கணனி: அவசரத்துக்கு நாம் கொடுக்கும் விலை



இந்தப் பகுதியில் வழமையாகக் கொள்முதல், கடன், கையிருப்பு, வாடிக்கையாளர் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை கணனியைப் பற்றி எழுதுகிறேன். "ஹாட்வெயார் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நான் கணனி படித்தவன் அல்லன். ஆனால் முப்பது வருடங்களாக ஹட்டனில் குழாயும் வொஷரும் விற்பவன். எந்த மூட்டும் என்றாவது ஒரு நாள் ஒழுகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு கணனிக்குள்ளேயே ஒழுகும் என்பதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

என் ராத்தாவின் மகன் ஹட்டன் நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணப் படம், வீடியோ, அடையாள அட்டைப் படம், அழைப்பிதழ் என்று எல்லா வேலையும் செய்கிறான். தோட்டத்துச் சனங்களுக்குத் தவணைக்கும் செய்து கொடுப்பதால் கடன் கணக்கும் நிறைய உண்டு. படமும் வீடியோவும் கடன் கணக்கும் எல்லாமே ஒரே கணனிக்குள்தான். வீடியோ வேலைக்கென்று விலை கூடிய கணனி ஒன்றைப் பொருத்தி, அதற்குத் தண்ணீரால் குளிரூட்டும் கூலரும் போட்டிருந்தான்.

ஒரு ஜூன் மாதக் காலை. மூன்று நாளாக விடாத மழை. எட்டரை மணியிருக்கும், தொலைபேசி அடித்தது.

"மாமா, கம்ப்யூட்டர் ஓன் ஆகுதில்ல. உள்ளுக்குத் தண்ணி மாதிரி ஏதோ கெடக்கு."

போய்ப் பார்த்தேன். கூரையில் ஒழுக்கு இல்லை. கணனியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், புரொசெசருக்கு மேலிருக்கும் கூலரின் குழாய் மூட்டில் ஈரம். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள கிரபிக்ஸ் காட்டின் மேல் விழுந்திருந்தது. கண்டியில் எனக்குத் தெரிந்த திருத்துநர் ஒருவருக்கு உடனே பேசினேன். அவர் வேறெதையும் கேட்கவில்லை. "எத்தனை தரம் சுவிட்சை அமத்தினீங்க நானா?" என்றுதான் கேட்டார்.

மருமகனைப் பார்த்தேன். "ஆறேழு தரம் இருக்கும் மாமா" என்றான்.

அந்த ஆறேழு தரத்தின் விலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணனிக்கு ஏன் தண்ணீர்?

லொறி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே விசிறி அதை ஆற்றுகிறது. ஆறிய தண்ணீர் திரும்பி வருகிறது. கணனியிலும் இதே வேலைதான். புரொசெசரின் மேல் ஒரு செப்புத் தகடு, ஒரு சிறிய பம்ப், இரண்டு குழாய், ஒரு ரேடியேட்டர், விசிறிகள். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீரல்ல. காய்ச்சி வடித்த நீரோடு கிளைக்கோலும் துரு தடுக்கும் மருந்தும் கலந்திருக்கும்.

"இந்தத் தண்ணீர் மின்சாரம் கடத்தாது, பயமில்லை" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் மாதக்கணக்கில் உலோகத்தோடு உரசி ஓடும்போது அதில் உலோக உப்புகள் கரைகின்றன. வெளியே ஒழுகி, மதர்போட்டின் மேல் படிந்திருக்கும் தூசியோடு கலந்தால் நன்றாகவே கடத்தும். ஆகவே ஒழுகிய தண்ணீர் எதுவானாலும் அதை மின்சாரம் கடத்தும் தண்ணீராகவே எண்ண வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2004இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர் மேக் ஜி5 கணனிகளில் வேகம் கூடியவற்றுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இருந்தது. சில வருடம் போனதும் அவற்றில் பல ஒழுகி, உள்ளே இருந்த பாகங்களை அரித்தன. 2022இல் ஆர்க்டிக் நிறுவனம் தனது ஒரு கூலர் வகையில் இறப்பர் வொஷர் காலத்துக்கு முன்பே பழுதாகி ஒழுகக்கூடும் என்று தானே அறிவித்து, மாற்று வொஷரை இலவசமாகக் கொடுத்தது. என் கடையில் பத்து ரூபா வொஷர் வாங்க வருபவரின் பிரச்சினையும் அந்த நிறுவனத்தின் பிரச்சினையும் ஒன்றுதான். இறப்பருக்கு ஆயுள் உண்டு.

முதல் பத்து நிமிடம்

ஒழுகியதைக் கண்டவுடன் செய்ய வேண்டியதைத் திருத்துநர் எனக்குச் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

ஒன்று: சுவிட்சை அமத்தாதீர்கள். "ஒருக்கால் பார்ப்போமே" என்ற எண்ணமே வேண்டாம். ஈரம் தானாக ஒன்றையும் எரிப்பதில்லை. ஈரத்தின் மேல் மின்சாரம் பாயும்போதுதான் எரிகிறது.

இரண்டு: பிளக்கைக் கழற்றுங்கள். கணனியை ஓஃப் செய்வது போதாது. பிளக் சுவரில் இருக்கும்வரை, கணனி ஓஃப் ஆகியிருந்தாலும் மதர்போட்டில் 5 வோல்ட் மின்சாரம் காத்துக்கொண்டே நிற்கும். சுவிட்சை அமத்தியதும் கணனி எழும்புவது அதனால்தான். மருமகனின் கணனி இரவு முழுவதும் அப்படித்தான் நனைந்துகொண்டிருந்தது.

மூன்று: யூ.பி.எஸ். இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சுவரில் நிறுத்தினாலும் யூ.பி.எஸ். தன் பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். கணனியின் வயரை யூ.பி.எஸ்ஸிலிருந்தே கழற்ற வேண்டும். கடையின் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால் காரணம் தெரியாமல் அதை மேலே தட்டக் கூடாது.

நான்கு: பிளக்கைக் கழற்றிய பின் கணனியின் சுவிட்சைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். சுவிட்சைத் தொடலாம் என்பது இந்த ஒரு முறைக்கு மட்டும்தான், அதுவும் வயரைக் கழற்றிய பின்.

ஐந்து: மதர்போட்டில் சில்லறைக் காசு போல ஒரு பற்றரி இருக்கும். அதன் 3 வோல்ட் சிறிதுதான். ஆனாலும் ஈரத்தோடு சேர்ந்தால் செப்புக் கோடுகளை மெல்ல அரித்துவிடும். அதையும் கழற்றுங்கள்.

ஆறு: தண்ணீர் புதிய இடங்களுக்கு ஓடாதபடி, கணனியை எந்தப் பக்கம் சாய்த்தால் ஈரம் பாகங்களை விட்டு விலகுமோ அந்தப் பக்கம் மெதுவாகச் சாய்த்து வையுங்கள். கையில் தொலைபேசி இருந்தால் ஈரம் நின்ற இடங்களைப் படம் எடுங்கள். திருத்துநருக்கும், உத்தரவாதம் கேட்டுப் போகும்போது விற்றவருக்கும் அது சாட்சி.

இதற்கு மேல் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு திருத்துநரிடம் கொண்டு போங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணனி என்றால் விற்றவரிடம் பேசாமல் ஓர் ஆணியையும் கழற்றாதீர்கள். கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கழற்றுவதும் கழுவுவதும்

அன்று பிற்பகல் திருத்துநர் கண்டியிலிருந்து வந்தார். முதலில் அவர் கழற்றியது கூலரையல்ல. கணக்கும் படமும் இருந்த டிரைவைத்தான் கழற்றினார். "நானா, மற்றதெல்லாம் கடையில் வாங்கலாம். இதை வாங்க முடியாது" என்றார். புதுவகை எஸ்.எஸ்.டி. டிரைவ் அது, சுவிங்கம் துண்டு அளவு. அதன் மேல் ஒரு சொட்டு ஈரம் பட்டிருந்தது. துடைத்து, கழுவி, உலர வைத்தார்.

கழுவியது எதனால்? ஐசோபுரொப்பைல் அல்கஹோல். பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இது குடிக்கும் சாராயமல்ல, குடித்தால் நஞ்சு. பார்மசியிலும் மின்சாதனக் கடைகளிலும் கிடைக்கும். 90 வீதத்துக்கு மேற்பட்டதாக, முடிந்தால் 99 வீதமானதாக வாங்க வேண்டும். 70 வீதமானது கைகழுவத்தான் நல்லது, அதில் தண்ணீர் அதிகம். இது பெற்றோலைப் போல் தீப்பிடிக்கக் கூடியது. அடுப்பு, சிகரட், சாம்பிராணிச் சட்டி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

கூலர் தண்ணீர் வெறுமனே காய்ந்தால் போதாதா என்று நான் கேட்டேன். போதாது. தண்ணீர் ஆவியாகும். அதிலிருந்த கிளைக்கோலும் மருந்தும் உப்பும் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, மாதம் கழித்து மீண்டும் தொல்லை தரும். ஆகவே முதலில் கழுவி, பிறகு உலர்த்த வேண்டும்.

மிருதுவான பல் துலக்கும் பிரஷ் ஒன்றை அல்கஹோலில் நனைத்து, மதர்போட், ராம், கிரபிக்ஸ் காட், அவை செருகும் குழிகள் எல்லாவற்றையும் மெதுவாகத் துடைத்தார். புரொசெசர் உட்காரும் இடத்தில் மட்டும் பிரஷ் படவில்லை. அங்கே தலைமயிர் போன்ற நூற்றுக்கணக்கான கம்பிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் மதர்போட் போயிற்று. அங்கே அல்கஹோலைச் சொட்டவிட்டு, காற்றடித்து எடுத்தார்.

பவர் சப்ளையை அவர் திறக்கவேயில்லை. நமது 230 வோல்ட் மின்சாரம் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சில நேரம் அந்தச் சக்தி இருக்கும், ஆளைக் கொல்லவும் கூடும். பவர் சப்ளைக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை மாற்றிவிட வேண்டும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது. நல்ல வேளையாக, கிரபிக்ஸ் காட் குடை போல் நின்று தண்ணீரைத் தாங்கியதால் அடியில் இருந்த பவர் சப்ளை நனையவில்லை.

கொழுந்து வாட்டும் பாடம்

இனி உலர்த்த வேண்டும். இந்த இடத்தில்தான் மலையகத்துக்காரர் கொழும்புக்காரரை விடக் கவனமாக இருக்க வேண்டும். இருபத்து நான்கு மணித்தியாலம் வைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது காய்ந்த காற்றுள்ள ஊருக்குப் பொருந்தும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். நமக்குப் பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே துவைத்த சாரமே மூன்று நாளில் காய்வதில்லை. மதர்போட்டின் இடுக்கில் நிற்கும் தண்ணீர் எப்படி ஒரு நாளில் காயும்?

மருமகன் தலைமயிர் காயவைக்கும் டிரையரை எடுத்து வந்தான். நானோ, கைப்பேசி நனைந்தால் அரிசிக்குள் போடுவார்களே, நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று யோசித்தேன். திருத்துநர் இரண்டையும் வேண்டாம் என்றார். டிரையரின் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, அதன் மாவும் தூசும் குழிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

அப்போது தேநீர் குடிக்க வந்திருந்தார் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "பச்சைக் கொழுந்தை நாங்க எடுத்த உடனே அடுப்பில போடுறதில்ல முதலாளி. தொட்டியில பரப்பி, கீழ இருந்து காத்து விட்டு வாட்டுவோம். சூட்டை விடக் காத்துதான் முக்கியம்" என்றார். உண்மைதான். தொழிற்சாலையில் பொதுவாக 12 முதல் 18 மணித்தியாலம் வரை கொழுந்தை வாட்டுகிறார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தேயிலை கெடும்.

அதையே செய்தோம். மதர்போட்டை வலைத்தட்டில் நிமிர்த்தி வைத்து, மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டோம். அல்கஹோல் வாசனை முற்றாகப் போன பிறகு அதை மருமகனின் லென்ஸ் அலுமாரிக்குள் வைத்தோம். இந்தக் குளிரில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, சிறிய பல்ப் எரியும் அலுமாரி ஸ்டூடியோக்காரர்களிடம் இருக்கும். கை வைத்தால் இதமான சூடு, அவ்வளவுதான். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் பக்கத்தில் வைத்தோம். மொத்தம் நான்கு நாள்.

அந்த நான்கு நாளும் மருமகன் கடைக்கு வந்தவர்களிடம் தவணை சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று கல்யாண வீட்டார் படம் கேட்டு வந்தார்கள். அவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: நான்கு நாள் தவணை சொல்வது வெட்கமல்ல, படமே இல்லை என்று சொல்ல நேர்வதுதான் வெட்கம்.

எழும்பாத கணனியின் நான்கு குணங்கள்

உலர்ந்த பிறகும் கணனி எழும்பாவிட்டால் அது எப்படி எழும்பாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான்.

முதலாவது, ஒன்றுமே இல்லை. விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. வயர், பவர் சப்ளை, சுவிட்ச், அதன் பிறகு மதர்போட் என்ற வரிசையில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, விசிறி ஒரு சுற்றுச் சுற்றி உடனே நின்றுவிடும். எங்கோ ஷோர்ட் இருக்கிறது. பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. இதைப் பார்த்த பின் திரும்பத் திரும்ப அமத்துவதுதான் பெரிய தவறு.

மூன்றாவது, விசிறி ஓடும், திரையில் படம் வராது. ராம், கிரபிக்ஸ் காட், புரொசெசர் ஆகிய மூன்றில் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை, அல்லது பழுது.

நான்காவது, எழும்பும், சில நிமிடத்தில் தானாக நிற்கும். சூடுதான் காரணம். தண்ணீர் குறைந்தோ பம்ப் நின்றோ இருக்கலாம். புரொசெசர் சுமார் 95 முதல் 100 பாகை செல்சியஸ் வந்ததும் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் தானாக நின்றுவிடும். ஒழுகிய கூலரைத் துடைத்துவிட்டு மீண்டும் பூட்டி ஓட்டுபவர்களுக்கு இதுதான் நடக்கும். ஒழுகிய கூலரை மீண்டும் பாவிக்கவே கூடாது.

ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தல்

ஐந்தாம் நாள் திருத்துநர் மீண்டும் வந்தார். எல்லாவற்றையும் பூட்டி ஒரேயடியாக ஓட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. கணக்கில் பிழை வந்தால் நாம் மொத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஒவ்வொரு பில்லாகச் சரி பார்ப்போமே, அதே முறை.

முதலில் பவர் சப்ளையைத் தனியாகப் பார்த்தார். அதிலிருந்து வரும் 24 முனைப் பெரிய பிளக்கில் 16ஆவது முனையையும் பக்கத்திலுள்ள கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்தால் அது தனியே ஓடும். பழைய பவர் சப்ளைகளில் அந்த 16ஆவது வயர் பச்சையாக இருக்கும். இதை நனையாத பவர் சப்ளையில் மட்டும்தான் செய்யலாம். பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரையும் இருந்தால் சரி. இரண்டும் சரியாகவே இருந்தன.

அடுத்து, மதர்போட்டை மேசை மேல் ஒரு காட்போட் மட்டையில் வைத்தார். புரொசெசர், ஒரேயொரு ராம், இரவல் வாங்கிய சாதாரண விசிறிக் கூலர், பவர் சப்ளை. இவ்வளவுதான். அந்தப் புரொசெசரிலேயே திரைக்கான வசதி இருந்ததால் கிரபிக்ஸ் காட்டைப் பூட்டவில்லை. புதிய காசு பற்றரி ஒன்றும் போட்டார்.

ஓடியது. திரையில் எழுத்து வந்தது. மருமகனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, இரண்டாவது ராமைப் பூட்டினார். ஓடியது. மீண்டும் நிறுத்தி டிரைவைப் பூட்டினார். ஓடியது. மூன்று கல்யாணமும் கடன் கணக்கும் அப்படியே இருந்தன. அல்ஹம்துலில்லாஹ். வேறு வேலை எதுவும் செய்யாமல் முதலில் எல்லாவற்றையும் வெளியே இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்தார்.

கடைசியாகக் கிரபிக்ஸ் காட். பூட்டி அமத்தியதும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உடனே பிளக்கைக் கழற்றி, காட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மின்சாரம் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு கருகல். "முதல் தரம் அமத்தினப்பவே நின்றிருக்கும். அப்போ விட்டிருந்தா, கழுவிக் காயவச்சு இதையும் எடுத்திருக்க வாய்ப்பிருந்தது நானா" என்றார்.

நான் முதலில் சொன்ன ஆறேழு தரத்தின் விலை இதுதான். கணனிக்குள் மிக விலை கூடிய பாகம் அது. மருமகனின் கணக்கில் இரண்டு மாத இலாபம். வொஷர் ஒழுகியது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் அந்த இரண்டு மாத இலாபத்தை அவசரம்தான் தின்றது.

வெள்ளத்தில் நனைந்தால்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவும் வெள்ளமும் சேர்ந்து செய்த அழிவை நாம் மறக்க மாட்டோம். உயிர்களை இழந்தவர்களுக்கு முன்னால் கணனியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. என்றாலும் பிழைத்தவர்கள் மீண்டும் கடை திறக்க வேண்டுமே. மகாவலி ஓரத்துக் கம்பளையில் கடைகளுக்குள் சேறும் நீரும் புகுந்தன. அங்கே மொத்தப் பலசரக்கு வியாபாரம் செய்யும் என் நண்பரின் கணனி, மேசைக்குக் கீழே நிலத்தில் இருந்தது. முழுவதும் சேற்றில்.

அவர் பேசியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "அமத்த வேண்டாம்" என்பதுதான். வெள்ள நீர் கூலர் தண்ணீரைப் போலல்ல. சேறும் கழிவும் உப்பும் கலந்தது. முதலில் சுத்தமான நீரால் சேற்றைக் கழுவி, அதன் பிறகே அல்கஹோல், பிறகு காற்று. சேறு புகுந்த பவர் சப்ளை குப்பைக்குத்தான்.

பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் வேறு விதி. அதனுள்ளே தகடு சுழலும், காற்றுக்கென்று சிறு துவாரமும் உண்டு. வெள்ளத்தில் முழுகியிருந்தால் அதற்குள் சேறு போயிருக்கலாம். அதை ஓட்டிப் பார்க்கவும் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது. சேறு காய்ந்து தகட்டில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். ஈரத்தோடேயே பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். நண்பர் அப்படியே கட்டிக் கொழும்புக்கு அனுப்பினார். கடன் கணக்கில் பெரும்பகுதி திரும்பிக் கிடைத்தது. கணனியோ பழைய இரும்புக்குப் போனது. அவர் கவலைப்படவில்லை.

நமக்குரிய கணக்கு

இந்த இரண்டு சம்பவத்திலிருந்தும் நான் என் கடையில் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கணக்குக்கு மூன்று பிரதி. ஒன்று கணனியில். இன்னொன்று வெளி டிஸ்கில், பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மூன்றாவது கடைக்கு வெளியே, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. ஒரே மேசையில் மூன்று பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதான். நான் இஷாவுக்குப் பின் கடையைப் பூட்டுமுன் கல்லாவை எண்ணுவது போல, பிரதி எடுப்பதையும் வழக்கமாக்கிக் கொண்டேன்.

இரண்டாவது, கணனி நிலத்தில் இருக்கக் கூடாது. தகரக் கூரையின் தாழ்வாரத்துக்கு நேர் கீழேயும் இருக்கக் கூடாது.

மூன்றாவது, தண்ணீர்க் கூலர் உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை, பிளக்கைக் கழற்றிவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். மூட்டுகளில் வெள்ளைத் திசுத்தாளை ஒற்றி எடுங்கள். ஈரமோ, பச்சை வெள்ளைப் படிவோ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த கூலரை இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று ஆசைப்படாதீர்கள். புதிதாக வாங்கும்போது, "கூலர் ஒழுகி மற்றப் பாகம் பழுதானால் அதற்கும் பொறுப்பா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சில தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்பார்கள், சிலர் கூலரை மட்டும் மாற்றித் தருவார்கள்.

நான்காவது, உண்மையில் நமக்கு அது தேவையா? எந்தக் கூலரும், தண்ணீரோ விசிறியோ, புரொசெசரை அறையின் குளிரை விடக் கீழே கொண்டுபோகாது. அறைச் சூட்டை எட்டிப் பிடிப்பதுதான் அதன் வேலை. கொழும்பில் பகலில் 30 பாகை இருக்கும்போது ஹட்டனில் அதை விட நன்றாகக் குறைந்துதான் இருக்கும். அந்தக் குளிரை மலை நமக்கு இலவசமாகத் தருகிறது. பில் போடவும் கணக்கு வைக்கவும் பாவிக்கும் கணனிக்குச் சாதாரண விசிறியே மிச்சம். வீடியோ வேலைக்குக்கூட நல்ல பெரிய விசிறிக் கூலர் ஒன்று போதும் என்றார் திருத்துநர். மருமகன் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறான். விசிறி பழுதானால் நிற்கும், ஆனால் ஒழுகாது.

கடைசியாக ஒன்று. அந்தக் கணனிக்குள் இருந்தது மருமகனின் சொத்து மட்டுமல்ல. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் மகளுக்குக் கல்யாணம் செய்த ஒரு தாயின் படங்களும் அதில் இருந்தன. அந்தக் கல்யாணம் இன்னொரு தரம் நடக்காது. பிறர் நம்மிடம் ஒப்படைத்தது அமானிதம். கல்லாப் பெட்டியில் இருந்தாலும் கணனிப் பெட்டியில் இருந்தாலும் அதற்குப் பொறுப்பு நாம்தான்.

மருமகனின் கடையில் இப்போது கணனிக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. வேலைக்கு இருக்கும் பையனும் வாசிக்கக் கூடியதாகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறான்: "நனைந்தால் அமத்தாதே. வயரைக் கழற்று. மாமாவுக்குப் பேசு."

உங்கள் கடையிலும் ஒன்றை எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது வரியில் மட்டும் உங்கள் திருத்துநரின் இலக்கத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.